ஆணியில் தொங்கும் காக்கிச் சட்டை

மல்லசமுத்திரம்
கார்த்திகை கடைசி ஞாயிறு

அன்பு நவநீதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கனிஷ்காவும் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை, அதனால் அவரைப் பற்றி அடுத்து வருகிறேன். நீ சாம்பியாவில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், உன்னோடு போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் வந்தால் அப்பாதான் முதலில் எடுக்கிறார், நான் பேசும்போதும் எழுந்து போவதில்லை, எதையாவது உளறிவிடுவேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எடப்பாடி சிவபிரகாஷ் லீவு முடிந்து உங்கள் கேம்புக்குத் திரும்புகிறானாம், உனக்குப் பருப்புப்பொடி வாங்கிப்போக நாளைக்கு வருகிறான், அந்தப் பொட்டலத்துக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். பொடியில் பூண்டு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, பொறுத்துக்கொள். கனிஷ்கா ப்ளஸ் டூ பரீட்சைக்கு இப்போதே உட்கார்ந்துவிட்டாள், அண்ணன் அனுப்பிய ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் கேட்பதில்லை. மழை இந்த வருஷம் நன்றாகவே பெய்தது, கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கிறது, எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிறது. அந்த மழையில்தான் எல்லாம் தொடங்கியது.

போன தடவை வீடியோவில் பேசும்போது, ஏம்ப்பா எப்பப் பார்த்தாலும் கழுத்துல துண்டு என்று கேட்டாய், பனிக்காக என்று அப்பா சொன்னார், நீயும் விட்டுவிட்டாய். உனக்கு அங்கே காலை என்றால் இங்கே மத்தியானம், நம் ஊரில் மத்தியானத்தில் என்ன பனி. அந்தத் துண்டுக்கு அடியில்தான் விஷயம் இருக்கிறது. ஐப்பசியில் விடாமல் தூறிக்கொண்டே இருந்ததில் நம் நர்சரி பாலிஹவுஸின் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே இருந்த ரோஜாத் தொட்டிகள் எல்லாவற்றிலும் கரும்புள்ளி விழுந்துவிட்டது, இலை மஞ்சளாகிக் கொட்டிக் குச்சி குச்சியாக நின்றது. புது லே அவுட்டுக்கு அனுப்ப வேண்டிய செடிகள், அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பூஞ்சாண மருந்தைக் கலக்கி அடித்தார், மழை வந்தது, மறுபடி அடித்தார், இரண்டாவது டப்பாவும் தீர்ந்து மூன்றாவது வாங்கினார். சாரல் உள்ளே அடிக்கிறது என்று பக்கத்துத் திரைகளை எல்லாம் இறக்கிவிட்டு உள்ளே நின்று அடித்தார், மூக்குக்கு ஈரத்துண்டு ஒன்று, அவ்வளவுதான். வெளியே வரும்போது அவர் புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும். கையுறை போடுங்கள், திரையைத் தூக்கிவிட்டுக் காற்று பார்த்து அடியுங்கள் என்று நான் சொன்னால் டப்பாவைத் திருப்பிக் காட்டுவார். பச்ச முக்கோணம் போட்டிருக்குது பாரு புள்ள, செவப்புன்னாத்தான் பயப்படோணும் என்பார். பச்சை என்றால் மருந்து டப்பாக்களில் போடுகிற நான்கு நிறங்களில் நஞ்சு குறைந்தது என்றுதான் பொருள், நஞ்சு இல்லாதது என்று பொருள் இல்லை, அது தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா கொள்ளாதா என்பதையும் அந்த நிறம் சொல்லாது. அதெல்லாம் டப்பாவோடு வருகிற தாளில் இருக்கிறது, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், எட்டாக மடித்து. நம் ஊரில் அந்தத் தாளை விரித்த வீடு எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

முதலில் கழுத்தைச் சுற்றி அரிப்பு, பிறகு இரண்டு மணிக்கட்டிலும். வேர்க்குரு என்றார். அது கொப்புளமாகி நீர் கோத்தபோது பெரியம்மா வந்து பார்த்துவிட்டு அக்கி என்று சொல்லிவிட்டார். அக்கி என்றால் என்ன செய்வோம் உனக்குத் தெரியும், நமக்கு மண்தொட்டி போடுகிற குயவர் சென்றாயனை அக்கி எழுதக் கூப்பிட்டார்கள். அவர் காவியைக் குழைத்து அப்பா கழுத்திலும் கையிலும் சிங்கம் மாதிரி ஏதோ எழுதிவிட்டு, காவி தானாக உதிரும்வரை அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அக்கிக்குச் சொன்னார், அக்கியாக இருந்திருந்தால் சரிதான். இது அக்கி இல்லையே. அப்பா குளிக்காமலே இருந்தார், குளிக்காமலே மருந்தும் அடித்தார். களை பிடுங்க வருகிற ஆராயி, உனக்கு நினைவிருக்கும், வாய் சும்மா இருக்காது, அம்மிணி, மொதலாளிக்கு யாரு நலங்கு வெச்சது, புதுமாப்பளையாட்டம் செவசெவன்னு இருக்கறாரு, பொண்ணு எந்தூருங்கோ என்று கேட்டாள். அப்பாவும் சிரித்தார். நீயும் வாயேன் புள்ள, மாமன் சீரோட என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

ஒரு நாள் காலையில் இரண்டு கண்ணும் வீங்கித் திறக்க முடியாமல் எழுந்தார். பஸ் பிடித்துச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தோல் டாக்டர் சின்னப் பெண்தான், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், அப்பாவின் கழுத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்றீங்கப்பா என்று கேட்டாள். சொன்னோம். மருந்தடிக்கும்போது என்ன சட்டை போடுவீங்க என்று கேட்டாள். காக்கிச் சட்டை என்றார். அதை எத்தனை நாளைக்கு ஒருதரம் துவைப்பீங்க. அப்பா என் பக்கம் திரும்பினார், துவைத்ததே இல்லை என்று நான்தான் சொன்னேன். அடுத்த தடவை அந்தச் சட்டையை பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுவாருங்கள் என்றாள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வைத்து முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டி அனுப்பி, மறுபடி வரச்சொல்லி அதைப் பிரித்துப் பார்த்தாள், பூஞ்சாண மருந்து வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. பிறகு கையுறை போட்டுக்கொண்டு கவரைப் பிரித்துச் சட்டையை மேசைமேல் விரித்தாள். காலர் விறைத்து நின்றது, கைமடிப்பில் வெள்ளை வெள்ளையாக மருந்து படிந்திருந்தது. பார்த்தாலே தெரிந்தது, அப்பாவின் கழுத்தில் இருந்த புண் காலரின் வளைவு, மணிக்கட்டில் இருந்தது பட்டன் போடுகிற இடம். மருந்து ஒரு தடவை தெறித்ததால் வந்தது இல்லைப்பா, இந்தச் சட்டை தினமும் உங்க தோல்ல மருந்து பூசிட்டே இருந்திருக்கு, வேர்வையில கரைஞ்சு கரைஞ்சு உள்ள போயிருக்கு, சோப்பும் தண்ணியும் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது, ஏன் துவைக்கவே இல்லை என்று கேட்டாள். அப்பா, பையன் சட்டைங்க என்றார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

அது உன் சட்டைதான் சாமி. பாலிடெக்னிக்கில் ஒர்க் ஷாப்புக்கென்று திருச்செங்கோட்டில் துணி எடுத்துத் தைத்தோமே, முழுக்கை வைத்து, அதுதான். நீ ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குக் காலையில்கூட, ஒரு கை புடிச்சு அடிச்சுக் குடுத்துட்டுப் போ சாமி என்று அப்பா கூப்பிட்டதால் அதைப் போட்டுக்கொண்டு போய் மருந்தடித்துவிட்டு வந்து, மோட்டார் ரூம் ஆணியில் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போனாய். நீ போய்ச் சேர்ந்ததாகப் போன் வரும்வரை வீடு கூட்டவில்லை, நீ கழற்றிப் போட்டதை நனைக்கவும் இல்லை, ஊருக்குப் போனவர்களுக்கு நாம் செய்கிற வழக்கம்தான் அது. போன் வந்த பிறகு உன் கைலி, பனியன் எல்லாம் துவைத்துவிட்டு அந்தச் சட்டையை எடுக்கப் போனேன். அது இருக்கட்டும் புள்ள, அவன் வந்து போட்டுக்குவான் என்றார். சரி என்று விட்டேன். கொஞ்ச நாளில் அவரே அதைப் போட்டுக்கொண்டு மருந்தடிக்க ஆரம்பித்தார், முழுக்கை இருக்கிறது, நல்ல கெட்டித்துணி, பாதுகாப்பு என்றார். நாளைக்கு மறுக்கா மருந்து படப்போவுது, எதுக்குத் தொவைக்கோணும் என்றார். வேலைக்காரர்கள் எல்லோருமே மருந்தடிக்கிற சட்டையை அப்படித்தான் ஆணியில் மாட்டி மாட்டிப் போட்டுக்கொள்கிறார்கள், நம் பக்கத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அப்படி ஒரு சட்டை தொங்கும், அதனால் எனக்கும் அது வேறாகத் தோன்றவில்லை. டாக்டர் முன்னால் அவர் அந்த இரண்டு சொல்லைச் சொன்னபோதுதான், இத்தனை நாளும் அவர் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்தடித்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

தோலுக்கு ஒரு தடவை பிடிக்காமல் போய்விட்டால் போனதுதானாம். இனிமேல் அந்த மருந்து துளி பட்டாலும், மருந்தடித்த இலையைத் தொட்டாலும் திரும்ப வருமாம். மாத்திரை, களிம்பு எல்லாம் வந்ததை அடக்கத்தான், வராமல் இருக்க விலகி இருப்பது ஒன்றே வழி என்று டாக்டர் சொல்லிவிட்டாள். செடியத் தொடவே கூடாதுங்களா என்று அப்பா இரண்டு முறை கேட்டார். தொடாமல் பார்த்துக்கொள்ளலாமே அப்பா என்றாள். தொடாமல் எப்படிப் பார்ப்பது என்று பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார். உனக்குத் தெரியுமே, இலையின் அடிப்பக்கத்தை விரல்களுக்கு நடுவில் விட்டுத் தடவித்தான் அவர் செடிக்கு என்ன வேண்டும் என்று சொல்வார். இப்போது பாலிஹவுஸுக்கு வெளியே, காற்று வருகிற பக்கமாகத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருந்து நான் ஒவ்வொரு தொட்டியாகச் சொல்ல வேண்டும். மூணாவது வரிச மூச்சு முட்டுது, தொட்டியத் தள்ளித் தள்ளி வெய்யி புள்ள என்பார், சாயங்காலம் தண்ணி வுடாத, காலைலயே வேருக்கு மட்டும் வுடு, எலை நனையக்கூடாது என்பார். அவர் சொல்வதெல்லாம் சரிதான், நானும் கல்லூரித் தாவரவியல் பாடத்தில் அதைத்தான் படித்தேன், இலை ஈரமாக நின்றால்தான் பூஞ்சாணம் முளைக்கும். நெருக்கத்தைக் குறைத்து, புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டு வெளியே அப்புறப்படுத்தியதில் இப்போது மருந்தே பாதிக்குமேல் தேவைப்படவில்லை. அவர் வெளியே போன பிறகுதான் செடிகள் தேறுகின்றன என்று அவரிடம் எப்படிச் சொல்வேன், அதனால் அவர் கைராசி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மருந்தடிக்க வேண்டியபோது இப்போது நான்தான் அடிக்கிறேன், நீ கவலைப்படாதே, எப்படி அடிக்கிறேன் என்று எழுதிவிடுகிறேன். டப்பாவோடு வந்த அந்தத் தாளைக் கனிஷ்கா போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்துக் காட்டினாள். அதில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை போடுவதில்லை. திறந்த வெளியில் வைத்து, கையை உள்ளே விடாமல் குச்சியால் கலக்குகிறேன். முழங்கைவரை ரப்பர் கையுறை, கண்ணுக்கு மூடிய கண்ணாடி, மூக்குக்கு மருந்துப் புகைக்கென்றே விற்கிற வடிகட்டி வைத்த மாஸ்க், காலுக்கு பூட்ஸ், மேலே பிளாஸ்டிக் ஏப்ரன். வெயில் ஏறுவதற்கு முன்னால், பக்கத் திரைகளைத் தூக்கிவிட்டு, உள்கோடியில் ஆரம்பித்துப் பின்னாலேயே நடந்து வாசலுக்கு வருகிறேன், அடித்த இடத்துக்குள் நானே நடக்காமல் இருப்பதற்காக. முதல் நாள் நான் அந்தக் கோலத்தில் வந்து நின்றதைப் பார்த்து ஆராயி களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டாள். ஏனுங்க அம்மிணி, நெலாவுக்கா போறீங்க, வரப்ப எனக்கு ரெண்டு வெத்தல கிள்ளிட்டு வாங்க என்றாள். அடித்து முடித்ததும் வாசலில் சிவப்புத் துணி கட்டிவிடுவேன், தாளில் போட்டிருக்கிற நேரம் முடிந்து இலை நன்றாகக் காய்ந்த பிறகுதான் அதை அவிழ்ப்பேன். அதுவரை ஆராயிக்கும் உள்ளே வேலை இல்லை, உதிர்ந்த ரோஜாவை எடுத்துக் கொண்டையில் சொருகுவதும் கிடையாது. அதற்கு மட்டும் அவளுக்குக் கோபம், என்ற தலைல பூ வெக்கறதுக்கும் கவருமெண்ட்டு உத்தரவு வேணுமாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். என் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் அன்றைக்கே தனி வாளியில் துவைக்கிறேன், தலையோடு குளித்த பிறகுதான் சமையல்கட்டுக்குள் கால் வைக்கிறேன். ஒவ்வொரு முறை சோப்பு போடும்போதும், இது எவ்வளவு சின்ன வேலை என்று நினைத்துக்கொள்கிறேன், அதற்குமேல் நினைக்காமல் எழுந்துவிடுகிறேன்.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். டாக்டர் அன்றைக்கே, இதைத் துவைச்சுப் போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, எரிக்கவும் வேண்டாம், புகை பட்டாலும் உங்களுக்கு ஆகாது, இங்கேயே விட்டுட்டுப் போங்க, ஆஸ்பத்திரிக் குப்பையோட நாங்க அனுப்பிடறோம் என்று சொன்னாள். நான் சரி என்றேன். அப்பா எழுந்து கவரைக் கட்டி எடுத்துக்கொண்டார். சேலத்திலிருந்து ஊர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வந்ததும் நான் அதை இன்னொரு கவருக்குள் போட்டு, இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டினேன், எங்கேயாவது போட்டுவிடலாம் என்றேன். தூர தேசத்துல இருக்கற புள்ள உடுத்துனது, அவன் உசுரோட இருக்கறப்ப குப்பைல எறிவியா என்று கேட்டுவிட்டு, பழைய ஆணியிலேயே மாட்டினார். நானும் படித்தவள்தான், அவர் இல்லாத நேரம் பார்த்து ஒரு நாள் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். அன்றைக்கு நீ பேசுகிற நாள், காலையிலிருந்து உன் போன் வரவில்லை. திரும்பி வந்து ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

கழுத்துப் புண்ணும் கைப்புண்ணும் ஆறிக்கொண்டுதான் வந்தன, பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் தெரிந்தது, துண்டைக்கூட எடுத்துவிடலாம் என்று இருந்தோம். போன புதன்கிழமை மறுபடி வந்துவிட்டது. நான் மருந்தடித்துச் சில நாள் ஆகியிருந்தது, அவர் பாலிஹவுஸ் பக்கமே போகவில்லை, நாற்காலியில்தான் இருந்தார். ஏதாவது தொட்டீங்களா என்று கேட்டேன், இல்லை என்றார். களிம்பு போடும்போது பார்த்தேன். கழுத்தில் இல்லை, கையிலும் மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை. உள்ளங்கை கொஞ்சம், மற்றபடி முகத்தில் மட்டும்தான். இரண்டு இமை, மூக்கு, கன்னம், உதட்டுக்கு மேலே. களிம்பு டப்பாவை மூடி வைத்துவிட்டு மோட்டார் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன், நான் போட்ட இரண்டு முடிச்சு இல்லை, ஒரு முடிச்சு தொளதொளவென்று கிடந்தது. கவரை அவிழ்த்து, உன் சட்டையை எடுத்து முகத்தோடு வைத்திருந்திருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் உங்கள் கேம்பில் டவர் இல்லாமல் நீ பேசிப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் தலை குனிவார், அதை நான் பார்க்க மாட்டேன். அந்தச் சட்டையில் உன் வாசனை இருக்காது சாமி, எப்போதோ போய்விட்டது, மருந்து நெடிதான் இருக்கிறது. அவருக்கும் அது தெரியாமல் இருக்காது.

உன்னைக் கிளம்பி வா என்று எழுதவில்லை. உன் வேலை உனக்கு, நீ வரும்போது வா. இந்த ஒன்று மட்டும் செய். அடுத்த தடவை பேசும்போது, அம்மா எழுதினாள் என்று காட்டிக்கொள்ளாமல், பேச்சோடு பேச்சாக அவரிடம் சொல்லு, அப்பா, மோட்டார் ரூம்ல என்ற காக்கிச் சட்டை ஒண்ணு கெடக்குமே, அது எனக்குச் சின்னதாப் போச்சு, வேண்டாம், தூக்கிப் போட்ருங்க என்று. சிரித்துக்கொண்டே சொல்லு. நீ வேண்டாம் என்று உன் வாயால் சொன்னால் அவர் விடுவார், நான் சொன்னால் மாட்டார், டாக்டர் சொல்லியும் விடவில்லை. அவர் அதைக் கொடுக்கிற அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருகிறேன். மருந்து இருந்த இடத்தை விட்டு விலக அவருக்குத் தெரிகிறது, நீ இருந்த இடத்தை விட்டு விலகத்தான் தெரியவில்லை. முடிந்தால் வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிற இடத்தில் இரண்டு தடவை பேசு. அதிகம் பேச வேண்டியதில்லை, சாப்பிட்டாயா என்று அவர் கேட்பார், சாப்பிட்டேன் என்று சொன்னால் போதும்.

நீயும் கிரீஸிலும் டீசலிலும் நிற்கிறவன். நாளைக்கும் அழுக்காகத்தானே போகிறது என்று வேலைச் சட்டையை மாட்டி வைக்காதே, அன்றன்றைக்குத் துவை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சோறு தொடு. சிவபிரகாஷிடம் இரண்டு புதுச் சட்டை கொடுத்துவிடுகிறேன், குமாரபாளையத்தில் எடுத்த துணி, அளவு அப்பாதான் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொன்னார். அர்த்தநாரீஸ்வரர் உன்னையும் உன் கூட இருக்கிறவர்களையும் காப்பாற்றட்டும், நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. வீடியோவில் அப்பாவைப் பார்க்கும்போது சட்டையைப் பற்றி மட்டும் பேசு சாமி, முகத்தில் என்ன என்று கேட்காதே.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
தெய்வநாயகி மதியழகன்